கண்ணினுள் ஓடும் நீரும் அதன் மடையும்

தூத்துக்குடிக்கு எதிரே கடலடியிற் கிடக்கும் முத்துப் பார்களில் முற்காலத்தே சிப்பி எடுக்க இறங்கினோர், கல்லின்மேற் காலூன்றிக் கயிற்றின் வழியே 10 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்று, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கித் தொழில் செய்து, மீண்டும் தோணியை அடைந்தனர். 1961-ஆம் ஆண்டுக்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நடைபெற்றிலது. எனினும் சங்கு குளிக்குந் தொழில் இன்றும் உளது. கடலில் 10 மீட்டர் இறங்குவோனுடைய உடலின்மீது, கரையில் அவனைச் சூழ்ந்திருந்த காற்றின் அழுத்தத்தோடு, அதற்கு ஒப்பான மற்றோர் அழுத்தமும் வந்து சேர்கின்றது. பாதரசக் கணக்கிற் கூறின் அது 760 மில்லிமீட்டர் ஆகும். மெல்லிய பந்து போன்ற கண்ணும் அவ்வழுத்தத்தைத் தாங்குகின்றது. அங்ஙனமிருந்தும், குளித்தவன் கரையேறும்போது அவன் பார்வைக்கு யாதொரு குறைவும் நேர்வதில்லை.

இதற்கு நேர்மாறாக, கடலிற் கால் நனையாது வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவருக்குக் கண்ணின் அழுத்தம் இருக்கவேண்டிய அளவினும் 10 மில்லிமீட்டர் மிகுந்து, அந்நிலையிற் சில ஆண்டுகள் நிற்குமாயின், அவர் பார்வை சிறிது சிறிதாக அழிந்துபோதல் கூடும். 760 மில்லிமீட்டர் தீங்கு செய்யாதிருக்க, 10 மில்லிமீட்டர் குருடாக்குவது எங்ஙனம்? இவ்வினாவுக்குரிய விடை, கண்ணினுள் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நீரினிடத்தே உளது. அந்நீரைப்பற்றியும், அதன் போக்கு தடைப்படுவதனால் விளையும் நோயைப்பற்றியும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அழுத்தமும் அழுத்தத்தின் வேற்றுமையும்

கடலில் இறங்கியவனை நீர் ஒருபுறமாக மட்டும் அழுத்துவதில்லை. தலை, மார்பு, வயிறு, கை, கால் ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே அழுத்துகின்றது. அவன் உடம்பிலுள்ள இரத்தமும் கண்ணினுள் இருக்கும் நீரும் எளிதிற் சுருங்காத திரவங்கள் ஆதலின், வெளியே எவ்வளவு அழுத்தம் கூடுகின்றதோ அவ்வளவும் உள்ளேயும் கூடிவிடுகின்றது. ஆகவே உள்ளுக்கும் புறத்துக்கும் உள்ள வேற்றுமை மாறுவதில்லை. வைத்தியர் கருவிகொண்டு அளந்து கண்ணின் அழுத்தம் என்று கூறுவது இவ்வேற்றுமையையே. புறத்துள்ள காற்றினும் கண்ணின் உட்புறம் எவ்வளவு மிகுதியாக அழுத்துகின்றது என்பதே அவ்வெண்ணின் பொருள். பெரும்பாலோர்க்கு அது 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

இவ்வேற்றுமை ஓரளவு இருந்தே தீரவேண்டும். காற்றடைத்த பந்து உருண்டையாய் நிற்பதுபோல, கண்ணும் தன் வடிவில் நிற்பதற்கு இவ்வுள்ளழுத்தம் துணையாகின்றது. அது மிகக் குறைந்தால் கண் தளர்ந்து உருக்குலையும். மிகுந்தால், கண்ணின் பின்புறத்து மெல்லிய நரம்பு நலியும். இவ்விரண்டுக்கும் நடுவே அளவு தவறாமற் காப்பது, நீரின் வரவும் செலவும் ஒத்திருத்தலேயாம்.

நீரின் ஊற்று

முதலில் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். ஈண்டுக் கூறப்படும் நீர் கண்ணீரன்று. கண்ணீர் இமையின் மேற்புறத்துள்ள சுரப்பியிலே தோன்றி, விழியின் வெளிப்புறத்தை நனைத்து, மூக்கினுள் வடிவது. அழுதாலும் அழாவிட்டாலும் கண்ணின் உள்ளழுத்தத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. நாம் கூறும் நீர் விழியினுள்ளேயே தோன்றி, உள்ளேயே ஓடி, இரத்தக் குழாய்களிற் கலந்துவிடுவது. அதனை ஒருவரும் புறத்தே காண்பதில்லை. ஆங்கில வைத்தியர் இதனை ஆக்குவஸ் ஹ்யூமர் என்பர். நாம் முன்கண் நீர் எனக் கொள்வோம்.

கண்ணிற்கு நிறந்தரும் ஐரிஸ் என்னுந் திரைக்குப் பின்னால், வட்டமாய் அமைந்த சிலியரி உறுப்பு என்றதொரு பகுதி உளது. அதன் மடிப்புக்களின் மேலுள்ள உயிரணுக்களே இந்நீரைச் சுரக்கின்றன. அவை நீரை நேரே இறைப்பதில்லை. இரத்தத்திலிருந்து கசிந்துவரும் திரவத்திலுள்ள உப்புக்களையே, முக்கியமாகச் சோடியம் சேர்ந்தவற்றை, ஒருபுறத்தினின்று மறுபுறத்துக்குத் தள்ளுகின்றன. உப்பு சென்றவிடத்து நீர் தானே பின்தொடர்கின்றது. இதன் உண்மையை நம் கடற்கரையார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெட்டிய மீனுக்கு உப்பிட்டு வைத்தால், சிறிது நேரத்தில் மீனினுள்ளிருந்த நீர் உப்பை நாடி வெளிவந்து வடிவதைக் கருவாடு போடும் ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். உப்பு நீரை ஈர்க்கும் அவ்வியற்கையே கண்ணினுள்ளும் தொழிற்படுகின்றது.

சுரக்கும் அளவு மிகச் சிறிது. நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று மைக்ரோலிட்டர், அஃதாவது ஒரு மில்லிலிட்டரை ஆயிரங் கூறு செய்ததில் இரண்டு மூன்று கூறு, பகலில் ஊறுகின்றது. ஒரு சொட்டு சேர்வதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். உறங்கும்போது சுரப்பு ஏறக்குறையப் பாதியாய்க் குறைகின்றது. ஒரு நாள் முழுதும் ஊறியதைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. ஆயினும், அந்நீர் தங்கும் முன்னறையின் கொள்ளளவு கால் மில்லிலிட்டரே ஆதலால், சற்றேறக்குறைய 100 நிமிடத்துக்கு ஒருமுறை அவ்வறையின் நீர் முற்றும் புதிதாகி விடுகின்றது.

நீரின் தொழில்

இத்துணைச் சிறிய நீரோட்டம் எதற்கு எனின், ஒளி புகும் வழியில் இரத்தக் குழாய் இருத்தல் ஆகாது என்பதற்காகவே. கண்ணின் முன்புறத்துக் கார்னியா என்னுந் தெளிந்த படலமும், உள்ளிருக்கும் லென்சும் கண்ணாடிபோல் தெளிவாய் இருத்தல் வேண்டும். அவற்றினூடே செங்குருதி ஓடுமாயின் பார்வை மறையும். ஆதலின், மற்றை உறுப்புக்களுக்கு இரத்தம் செய்யும் தொண்டை இவற்றிற்கு முன்கண் நீர் செய்கின்றது. உணவைக் கொண்டு கொடுப்பதும், கழிவைக் கொண்டு போவதும் அதன் வேலை.

கார்னியாவின் உட்புறத்தே ஒற்றை அடுக்காய் அமைந்த உயிரணுக்கள் பிறிதொரு காவல் செய்கின்றன. முன்கண் நீரிற் சிறிது எப்போதும் படலத்தினுள் கசிந்து புகும். அவ்வாறு புகுந்ததை இவ்வணுக்கள் இடையறாது வெளியேற்றுகின்றன. கண்ணின் அழுத்தம் திடீரென்று மிகுமாயின், இவ்விறைப்பு ஈடுகொடாது படலம் நீர்கோத்துப் பனி படிந்த கண்ணாடிபோல் மங்குகின்றது. அப்போது விளக்கைப் பார்ப்போர்க்கு அதனைச் சுற்றி வானவில்லின் நிறங்கொண்ட வளையங்கள் தோன்றும். இவ்வடையாளத்தை நினைவில் வைத்தல் நன்று.

வெளியேறும் வழி

தூத்துக்குடியை அடுத்த கோரம்பள்ளம் குளத்தை நம்மிற் பலர் கண்டிருப்பர். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் வடகால் அதற்கு நீர் தருகின்றது. குளம் என்றால் வரத்துக்கால் ஒன்று, மடை ஒன்று, மிகுதி நீர் செல்லக் கலிங்கு ஒன்று ஆகிய மூன்றும் அமைதல் வேண்டும். கண்ணும் இவ்வாறே அமைந்துளது.

சிலியரி உறுப்பிற் பிறந்த நீர், லென்சின் முன்புறமாய் வந்து, கண்மணித் துளையின் வழியே முன்னறையை அடைகின்றது. அங்கே, கார்னியாவும் ஐரிஸ் திரையும் ஒன்றையொன்று கூடும் மூலையிற் சல்லடை போன்ற ஒரு வலைத்திசு உளது. நீர் அதனூடே வடிந்து, அதற்கப்பாலுள்ள வளையமான நுண்குழாயில் விழுந்து, அங்கிருந்து வெண்விழியின் மேலுள்ள இரத்தக் குழாய்களிற் கலக்கின்றது. அவ்வளையக் குழாயை 1830-ஆம் ஆண்டில் விவரித்த ஜெர்மன் அறிஞர் ஃபிரீடரிக் ஷ்லெம் பெயரால் ஷ்லெம் கால்வாய் என அழைப்பர். பெரும்பகுதி நீர் செல்லும் மடை இதுவே. கலிங்கு போன்ற வேறொரு வழியும் உண்டு. சிறுபகுதி நீர் சிலியரித் தசையின் நார்களினூடே கசிந்து கண்ணின் பின்புறமாய் வெளியேறுகின்றது.

மடை அடைபடுமாறு

குளத்திற் கரை உடையும் அபாயம் வரத்து மிகுதலாலும் நேரலாம். மடை அடைபடுதலாலும் நேரலாம். கண்ணில் வரத்து மிகுவது மிக அரிது. ஏறக்குறைய எல்லாவிடத்தும் குற்றம் மடையினதே. சுரப்பு வழக்கம்போல் நடந்துகொண்டேயிருக்க, போக்கு மட்டும் தடைப்படுவதால் அழுத்தம் ஏறுகின்றது. இவ்வாறு அழுத்தத்தாற் பார்வை நரம்பு நலியும் நோயையே கிளாக்கோமா என்றும், கண்நீர் அழுத்த நோய் என்றும் கூறுவர். அது பலவகைப்படும்.

முதல் வகையில், மூலையும் சல்லடையும் பார்வைக்குத் திறந்தேயிருக்கும். ஆயின் முதுமையாலும் பிற காரணங்களாலும் சல்லடையின் நுண்துளைகள் நீரை எளிதில் விடா. அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். வலியில்லை, சிவப்பில்லை, வேறொரு குறியுமில்லை.

இரண்டாம் வகையில், ஐரிஸ் திரையே முன்னால் உந்தப்பட்டு மூலையை மூடிவிடும். இது சிலருக்குத் திடீரென நிகழும். அப்போது கண்ணிற் கடுநோவும், தலைவலியும், வாந்தியும், மேற்கூறிய நிறவளையங்களும் தோன்றும். இதனை வெறுந்தலைவலி என்றோ பித்தம் என்றோ எண்ணி ஓரிரவு தாழ்த்தினாலும் பெருங்கேடு விளையும்.

மூன்றாவதாக, வேறு காரணங்களாற் சல்லடை அடைபடுவதும் உண்டு. அவற்றுள் இரண்டினை நம்மவர் தெளிந்திருத்தல் வேண்டும். ஒன்று கண்புரை பற்றியது. புரை முற்றட்டும் என்று பல ஆண்டு காத்திருப்போர்க்கு, லென்சு பருத்து மூலையை நெருக்குவதும், முற்றிய லென்சினின்று கசியும் பொருள் சல்லடையை அடைப்பதும் நேரும். எளிதிற் போக்கத்தக்க புரையே, காத்திருந்ததனாற் போக்கற்ற குருட்டுக்குக் காரணமாகிவிடும். மற்றொன்று மருந்து பற்றியது. கண் உறுத்தும்போதும் சிவக்கும்போதும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடையில் தாமே வாங்கி நெடுநாள் இடுவோரிற் சிலருக்கு, அம்மருந்து சல்லடையின் போக்கைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றிவிடுகின்றது. உறுத்தல் உடனே தணிவதால் மருந்து நல்லதென்றே அவர் எண்ணியிருப்பர்.

நரம்பு நலிவது

அழுத்தம் ஏறினாற் பார்வை கெடுவது ஏன்? கண்ணின் பின்சுவரில் ஓரிடத்தே பார்வை நரம்பு வெளியேறுகின்றது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகள் ஒன்றாகத் திரண்ட கட்டு அது. அவை வெளியேறும் வாயிலும் துளைகள் பல நிறைந்த ஒரு தட்டாகவே அமைந்துளது. கண்ணின் சுவரில் மிகவும் வலி குன்றிய இடம் இதுவாகும். உள்ளழுத்தம் மிகும்போது இத்தட்டுப் பின்னோக்கி வளைந்து, தன் துளைகளின் வழியே செல்லும் இழைகளை நெரிக்கின்றது. உயிரணுவினின்று இழையின் நுனிவரை உணவுப் பொருள்களைக் கொண்டுசெல்லும் உள்ளோட்டம் அங்கே தடைப்படுகின்றது. இழைகள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. மடிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை.

முன்னர்க் கூறிய வினாவுக்கு இப்போது விடை தெளிவாகும். குளித்தவனுக்கு நரம்பின் இருபுறத்தும் அழுத்தம் ஒருங்கே கூடிற்று. ஆதலின் பெரிதும் நெரிவில்லை. முதியவர்க்கோ உட்புறம் மட்டும் கூடிற்று. ஆகவே 10 மில்லிமீட்டரும் நெரித்தது. மேலும், முன்னவன் ஒரு நிமிடத்தில் மீண்டான். பின்னவரை அவ்வழுத்தம் ஆண்டுக்கணக்காக விட்டகலவில்லை. அழுத்தம் மிகாதிருந்தும் நரம்பு நலிவோர் சிலர் உளர் என்பதையும் கூறல் வேண்டும். சிலர் நரம்பு இயல்பிலேயே மெலிது. ஆதலின் அழுத்தத்தை மட்டும் அளந்து அமையாது, நரம்பையும் நேரிற் பார்ப்பது வைத்தியர் கடமையாகின்றது.

இந்நோயிற் பெரும்பாலும் பக்கப் பார்வையே முதலிற் குறையும். நேர்ப் பார்வை கடைசிவரை நிற்கும். ஒரு கண் விட்டதை மற்றொரு கண் ஈடுசெய்யும். புத்தகம் படிக்கலாம், வலை பின்னலாம், ஊசி கோக்கலாம். ஆகவே தமக்கு நோயுண்டென்று ஒருவர் ஐயுறுவதே இல்லை.

நம் மாவட்டத்திற் கண்டது

இது வெறும் நூலறிவன்று என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உளது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரின் கண்களைப் பரிசோதித்து, அதன் பயனை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. மூலை திறந்த வகை 1.7; மூலை மூடிய வகை 0.5. முதுமை, கிட்டப்பார்வை, சாம்பற்றூள் போன்ற ஒரு பொருள் கண்ணினுட் படியும் நிலை ஆகியவை உடையோரிடத்தும், ஆண்களிடத்தும் திறந்த வகை மிகுதியாய்க் காணப்பட்டது.

இவற்றினும் நெஞ்சை உறுத்துவது மற்றோர் எண். திறந்தவகை நோயுடையோருள் நூற்றுக்கு 93 பேர் தமக்கு அந்நோய் உண்டென்பதை அதற்குமுன் அறியார். அவருள் ஐந்தில் ஒரு பங்கினர் ஒரு கண்ணிலேனும் இரு கண்ணிலுமேனும் பார்வை இழந்திருந்தனர். நோய் அரிதன்று. அறியாமையே பெரிது.

மடை திறந்தோர்

இந்நோய்க்குச் செய்யும் சிகிச்சைகள் யாவும் நீரின் கணக்கைச் சரிசெய்வனவே. சில மருந்துகள் வரத்தைக் குறைக்கும். 1954 முதல் வழங்கும் அசெட்டசோலமைடு மாத்திரையும், 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிமோலால் சொட்டு மருந்தும் அவ்வகையின. டிமோலால் ஆஸ்துமா உடையோர்க்கு ஆகாது என்பதனால், அந்நோயுடையோர் அதனை வைத்தியரிடம் முன்னரே கூறிவிடல் வேண்டும். 1996-இல் வந்த லட்டனோபிராஸ்ட் முதலியன, மேற்கூறிய கலிங்கின் வழியே நீர் மிகுதியாய்ச் செல்லுமாறு செய்வன. மூலை மூடிய வகைக்கு ஐரிஸ் திரையில் ஒரு சிறு வழி செய்வர். பெர்லின் நகரத்து ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1857-இற் கத்தியாற் காட்டிய அம்முறையை இன்று லேசர் ஒளியாற் செய்கின்றனர்.

மருந்துக்கு இணங்காவிடத்துப் புதுமடை திறத்தல் வேண்டும். இவ்வகையில் தமிழ்நாட்டுக்கு ஒரு சிறப்புண்டு. 1819-இல் தொடங்கிப் பின்னர்ச் சென்னை எழும்பூரில் அமைந்த அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த இராபர்ட் ஹென்றி எலியட் என்பார், 1909-இல் கார்னியாவும் வெண்விழியும் கூடும் ஓரத்தில் வட்டமான ஒரு சிறு துளையிட்டு, உள்நீர் மேற்றோலின் கீழ் வடியுமாறு செய்யும் அறுவையைத் தொடங்கினார். உலகின் பல பகுதிகளிலும் அம்முறை பரவிற்று. ஆயின் மடையை அளவின்றித் திறப்பதும் தீதே. நீர் மிகுதியாய் வடிந்து கண் தளர்வதும், மெலிந்த தோலின் வழியே கிருமி புகுவதும் நேர்ந்தன. 1968-இல் கெயின்ஸ் என்பவர் துளையின்மேல் வெண்விழியின் ஏடு ஒன்றைக் கதவுபோல் மூடும் முறையை விளக்கினார். இன்றும் அதுவே பெருவழக்கு. அதுவும் பயன்படாதோர்க்குச் சிறு குழாயொன்றை அமைத்து நீரை வடிப்பர். அத்தகைய கருவியை மதுரை ஆரோலேப் தொழிற்சாலை 2013 முதல், வெளிநாட்டுக் கருவிகளினும் மிகக் குறைந்த விலையில் செய்து தருகின்றது.

எனினும் இவையாவும் எஞ்சிய பார்வையைக் காப்பனவே. இழந்ததை மீட்பன அல்ல. கண்புரைக்கும் இதற்கும் உள்ள பெருவேறுபாடு ஈதே. புரையால் மறைந்த பார்வை அறுவைக்குப் பின் திரும்பும். நரம்பு மடிந்தாற் போன பார்வை திரும்பாது.

நாம் செய்யத்தக்கது

இக்கட்டுரையைப் படிப்போருட் பலர் இளைஞர். அவர்க்கு இந்நோய் நேர்வது அரிது. ஆனால் அவர்தம் பெற்றோர்க்கும், பாட்டன் பாட்டிமார்க்கும் உரிய வயது இதுவே. பார்வை குறைந்த முதியவர் ஒவ்வொரு வீட்டிலும், புரைதானே, முற்றட்டும் என்று சொல்லி அமைதல் வழக்கமாயிருக்கின்றது. அது புரையா, நரம்பு நலிவா என்பதை வீட்டிலிருந்து அறிதல் இயலாது. கண்ணின் அழுத்தத்தை அளந்து, பின்புறத்து நரம்பைப் பார்க்கும் சோதனை சிறிது நேரத்தில் முடிவது. 40 வயது கடந்தோர் யாவரும் அதனைச் செய்துகொள்ளல் வேண்டும். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்பின், வயது நோக்காது வைத்தியரைக் கண்டு கேட்டல் வேண்டும். சொட்டு மருந்து இடத் தொடங்கினோர், நோவு ஒன்றும் இல்லையே என்று நடுவில் நிறுத்தலாகாது. நோவு இன்மையே இந்நோயின் இயல்பு. கடையில் தாமே வாங்கும் சொட்டு மருந்தையும் அறவே ஒழித்தல் நன்று.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் வீட்டு முதியோரைக் கண் மருத்துவமனைக்கோ, தம் ஊரில் நிகழும் கண் முகாமுக்கோ ஒருமுறை உடனழைத்துச் செல்வாராயின், கற்ற கல்விக்கு அதனினும் நேரிய பயன் வேண்டுவதில்லை. அறியாதிருந்த அந்த 93 பேரின் தொகை குறைவதற்கு வழி அதுவேயாகும்.